கீழாநெல்லியும் வெற்று மாத்திரையும்

"மஞ்சள் காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கிடையாது." பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் உடம்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் இந்த வாக்கியம் எப்படியும் வந்துவிடும். படித்தவர், படிக்காதவர் பேதமில்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் வீட்டில்கூடக் கண் மஞ்சளானால் நாட்டு வைத்தியர் எந்த ஊரில் இருக்கிறார், என்றைக்கு மருந்து கொடுக்கிறார் என்று விசாரிப்பது உண்டு.

இந்த வாக்கியத்தில் பாதிக்கு மேல் உண்மை. சிக்கலே அதுதான்.

கிராமத்தில் பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் வரும் காமாலையில் பெரும்பகுதி தண்ணீர் வழியாக வருவது. ஹெபடைடிஸ்-ஏ, ஹெபடைடிஸ்-இ என்று இரண்டு வைரஸ்கள். குடிநீர்க் குழாய் விரிசல் விட்ட இடத்தில் சாக்கடை கசிந்தால் போதும், தெருவுக்குத் தெரு காமாலை. டெல்லியில் 1955 முடிந்து 1956 பிறந்த குளிர்காலத்தில், யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்துபோய், சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அது 'இ' வகை என்று தெரிய இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. இந்த இரண்டு வைரஸ்களையும் உடம்பே விரட்டிவிடும். அவற்றுக்கென்று தனி மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது. ஓய்வு, தண்ணீர், வாய்க்குப் பிடித்த சாப்பாடு, கல்லீரலுக்குச் சுமையான மாத்திரையையும் சாராயத்தையும் தொடாமல் இருப்பது, அவ்வளவுதான் டாக்டர் சொல்வார். சில வாரங்களில் சரியாகிவிடும். பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிக்கு 'இ' வகை வந்தால் மட்டும் கதை வேறு. நூற்றுக்கு இருபது பேர் வரை இறந்துபோகிற அளவுக்கு அது கொடியது.

மஞ்சள் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் நாட்டு மருந்தின் புகழ் எப்படி வளர்ந்தது என்பதும் விளங்கும். ஆயுள் முடிந்த சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் கழிவு உண்டாகிறது. கல்லீரல் அதை வாங்கிப் பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பிவிடும். கல்லீரல் செல்கள் நோய்ப்பட்டால் அது ரத்தத்திலேயே தங்கும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 1 மில்லிகிராம் அளவில் இருக்க வேண்டியது 3 மில்லிகிராமை நெருங்கும்போதுதான் வெள்ளை விழியில் மஞ்சள் தெரியும். ஹெபடைடிஸ்-ஏ வந்தவருக்கு அந்த மஞ்சள் தெரிகிற சமயத்தில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி வேலையைத் தொடங்கி நாளாகியிருக்கும்; மலத்தில் வெளியேறும் வைரஸ்கூடக் குறையத் தொடங்கியிருக்கும். ஆக, நாம் வைத்தியரைத் தேடிப் போகிற நேரமும் நோய் இறங்கத் தொடங்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. அந்த நேரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் கொடுத்தவருக்குத்தான். காமாலைக்கென்று கையில் சூடு போட்ட வைத்தியருக்கும் அதே பெயர்தான் கிடைத்தது.

கொடுக்கப்படுவது பெரும்பாலும் கீழாநெல்லி. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இடையில் பெரம்பலூரின் பருத்தியும் மக்காச்சோளமும், அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் என்று கிடக்கிற இந்த மண்ணில், ஐப்பசி மழை இரண்டு பெய்தால் வரப்பெல்லாம் இது முளைத்து நிற்கும். ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரம். புளிய இலை போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒவ்வொன்றும் தனி இலை. கிளையைத் திருப்பிப் பார்த்தால் இலைக்குக் கீழே, காம்பில் தொங்கிக்கொண்டு, கடுகை விடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாக இருக்கும். பொழுது சாய்ந்தால் இலைகள் மூடிக்கொள்ளும். பக்கத்திலேயே தண்டு செம்மை ஓடிய இன்னொரு செடி நிற்கலாம்; அதன் காய் காம்பில்லாமல் கிளையோடு ஒட்டியிருக்கும், தோல் சொரசொரப்பாக இருக்கும். அது வேறு இனம். பறிக்கிற அவசரத்தில் இரண்டும் ஒரே கட்டில் வந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும். பறித்ததை அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, வெறும் வயிற்றில் மோரிலோ ஆட்டுப்பாலிலோ கலக்கிக் கொடுப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய் தள்ளிய பத்தியம்.

இந்தச் செடியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர் எஸ்.பி. தியாகராஜன். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில், டாக்டர் ஏ.எல். முதலியார் பெயரில் உள்ள அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியர். பின்னாளில், 2003 முதல் 2006 வரை, அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். அவருடைய ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதி ஹெபடைடிஸ் வைரஸ்களோடு கழிந்தது. அவர் செய்த முதல் நல்ல காரியம் என்று நான் நினைப்பது, ஊரில் கீழாநெல்லிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த காமாலையை அவர் முதலில் பரிசோதனைக்கு எடுத்துக்கொள்ளாததுதான். தானே ஆறும் நோயில் மருந்தை வைத்துப் பார்த்தால் எந்த மருந்தும் ஜெயிக்கும். அவர் எடுத்துக்கொண்டது ஹெபடைடிஸ்-பி.

'பி' வகை தண்ணீரில் வருவதில்லை. ரத்தம், ஊசி, உடலுறவு வழியாகவும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வருகிறது. வயது வந்தவருக்கு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அதை விரட்டிவிடுவார்கள். பிறந்த குழந்தைக்கு வந்தால் கணக்கு தலைகீழ்: நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் அது ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். தங்கினவருக்குக் கண் மஞ்சளாகாது, பசி கெடாது, வயலுக்கும் போவார், வெளிநாட்டுக்கும் போவார். விசாவுக்கான ரத்தப் பரிசோதனையிலோ ரத்த தானத்திலோ தற்செயலாகத் தெரியவரும். இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பகுதிப் பேருக்குக் கல்லீரல் சுருங்கும், அல்லது புற்றுநோய் வரும். இப்படிப்பட்டவர்கள் 2022-ல் இந்தியாவில் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்த வைரஸ் அகப்பட்டதே ஒரு விபத்து மாதிரிதான். பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர், உலகின் பல மூலைகளில் மக்களின் ரத்தத்தைச் சேகரித்து, மரபு வேறுபாடுகளைத் தேடிக்கொண்டிருந்தார். அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயார்க் ஹீமோபிலியா நோயாளி ஒருவரின் சீரம், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் சீரத்தோடு சேரும்போது வினைபுரிந்தது. அந்த விநோதப் புரதத்துக்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று பெயர் வைத்து 1965-ல் வெளியிட்டார். அது காமாலை வைரஸ் ஒன்றின் மேலுறை என்று சில ஆண்டுகளில் தெளிவானது. வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் என்று இன்று எல்லா லேப் ரிப்போர்ட்டிலும் அச்சாகிற அதே புரதம். அந்தப் புரதத்தை வைத்தே தடுப்பூசி செய்யலாம் என்ற யோசனையை அவரும் இர்விங் மில்மேனும் 1969-ல் பதிவு செய்தார்கள். 1976-ல் பிளம்பெர்க்குக்கு நோபல் பரிசு. அவருடைய பிறந்த நாளான ஜூலை 28 இப்போது உலகக் கல்லீரல் அழற்சி (ஹெபடைடிஸ்) நாள்.

தியாகராஜன் குழு 1982-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கரிசலாங்கண்ணிச் சாறும் கீழாநெல்லிச் சாறும் சோதனைக்குழாயில் இந்த மேற்பரப்பு ஆன்டிஜெனைச் செயலிழக்கச் செய்கின்றன என்பது அதன் சாரம். சோதனைக்குழாயில் எலுமிச்சைச் சாறுகூட எதையாவது செய்யும் என்று நீங்கள் சொல்லலாம், நியாயம்தான். அடுத்த அடி ஃபிலடெல்ஃபியாவில் விழுந்தது. அங்கே ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையத்தில் பிளம்பெர்க், மில்மேன் இருவரோடும் வேலை செய்த வெங்கடேஸ்வரன் இதே செடியின் சாற்றை வுட்சக் என்ற அமெரிக்க மலையணில் வகைப் பிராணிக்குக் கொடுத்துப் பார்த்தார். வுட்சக்குக்கு நம்முடையதற்கு நெருங்கிய உறவான ஒரு ஹெபடைடிஸ் வைரஸ் இயற்கையாகவே வரும். வைரஸ் தன்னை நகலெடுக்கப் பயன்படுத்தும் நொதியைச் சாறு தடுத்தது. புதிதாகத் தொற்றிய சில விலங்குகளில் வைரஸ் கண்ணுக்கே அகப்படாத அளவுக்குக் குறைந்தது. 1987-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அது வந்தது. ஃபாக்ஸ் சேஸ் இதற்குக் காப்புரிமையும் வாங்கியது. நம் பாட்டி வைத்தியத்துக்கு அமெரிக்காக்காரன் பட்டா போடுகிறான் என்ற கோபப் பேச்சு அதன் பிறகு இங்கே நெடுநாள் ஓடியது.

பிறகு மனிதர்கள். தரமணிக் குழு வேரை நீக்கிய முழுச் செடியை உலர்த்திப் பொடித்து, 200 மில்லிகிராம் அளவு வேளைக்கு ஒன்றாக, நாளைக்கு மூன்று வேளை, 30 நாள் கொடுத்தது. வாங்கியவர்கள் எல்லோரும் 'பி' வைரஸைச் சுமப்பவர்கள். அவர்களில் ஒரு பகுதிப் பேருக்குக் கொடுத்தது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நம் ஊர் மருந்து எதற்கும் அதுவரை இவ்வளவு கறாராகக் கணக்குக் கேட்டவர்கள் குறைவு. மருந்து முடிந்து 15, 20 நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். செடி வாங்கிய 37 பேரில் 22 பேரிடம் மேற்பரப்பு ஆன்டிஜென் இல்லை; வெற்று மாத்திரை வாங்கிய 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் அது போயிருந்தது. நூற்றுக்கு 59, நூற்றுக்கு 4. சிலரை ஒன்பது மாதம் வரை தொடர்ந்து பார்த்ததில் போனது திரும்பவில்லை. 1988 அக்டோபர் 1 தேதியிட்ட 'லான்செட்' இதழில் இது வெளியானது. கட்டுரையில் ஐந்து பெயர்கள். முதல் பெயர் தியாகராஜன், கடைசிப் பெயர் பிளம்பெர்க். வரப்பில் கிடந்த செடிக்கு நோபல் பரிசுக்காரர் கையெழுத்துப் போட்டது தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எவ்வளவு பெரிய விருந்தாக இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த 59 எவ்வளவு பெரிய எண் என்பது வைரஸின் உள்வேலை தெரிந்தால்தான் புரியும். இந்த வைரஸின் மரபுப்பொருள் வெறும் 3,200 எழுத்துகள்தான். கல்லீரல் செல்லுக்குள் நுழைந்ததும் அது செல்லின் உட்கருவுக்குப் போய் ஒரு மூடிய வளையமாக உட்கார்ந்துவிடுகிறது. புதுப்புது வைரஸ்களுக்கான உத்தரவெல்லாம் அந்த வளையத்திலிருந்துதான் போகின்றன. பத்திரப்பதிவில் எத்தனை நகலைக் கிழித்தாலும் மூலப்பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறதோ அவர் திரும்ப நகல் எடுத்துக்கொள்வாரே, அதே நிலைதான். இன்று அரசு ஆஸ்பத்திரியில் கிடைக்கும் டெனோஃபோவிர் மாத்திரை நகலெடுப்பதை மட்டும் நிறுத்துகிறது, வளையத்தைத் தொடுவதில்லை. அதனால் பலர் அதை ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டியிருக்கிறது. மேற்பரப்பு ஆன்டிஜென் முழுக்க மறைவதென்றால் மூலத்தின் வாயே அடைக்கப்பட்டுவிட்டது என்று பொருள். சிகிச்சை இல்லாமல் அப்படி ஆவது நூறு பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு என்ற அளவில்தான். அதை ஒரு மாதப் பச்சிலைப் பொடி பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் செய்தது என்றால், உலகம் நம்பவும் ஆசைப்படும், சந்தேகமும் படும். இரண்டும் நடந்தன.

தாய்லாந்தில் 1990-ல் செய்து பார்த்தார்கள். சென்னையின் எண் வரவில்லை. நெதர்லாந்தில் 1991-ல் பார்த்தார்கள், வரவில்லை. நியூசிலாந்தில் 1994-ல் பார்த்தார்கள். அங்கும் பலனில்லை என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார்கள். இந்தியாவிலிருந்தே 1994-ல் வந்த ஒரு ஆய்வும் அதையே சொன்னது.

எங்கே பிசகியது? முதலில் செடியைப் பற்றிய சந்தேகம். தொடக்கத்தில் எல்லோரும் இதை ஃபில்லாந்தஸ் நிரூரி என்று எழுதினார்கள். நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி, நம் வரப்பில் நிற்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று தாவரவியலாளர்கள் திருத்தினார்கள். லான்செட் கட்டுரையில் அமாரஸ் என்றே இருக்கிறது. அதற்குள் இதன் சகோதரச் செடிகள் பல உலகச் சந்தையில் ஒரே பெயரில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. சீனாவில் 1995-ல் வெவ்வேறு இடங்களின் மூன்று தயாரிப்புகளை ஒப்பிட்டார்கள். ஓரளவு நன்றாக வேலை செய்தது அமாரஸ் இல்லை. செந்தண்டும் சொரசொரப்புக் காயும் உள்ள அந்த இன்னொரு இனம், ஃபில்லாந்தஸ் யூரினேரியா. அதுவும் வைரஸ் பெருகுவதைக் காட்டும் வேறொரு ஆன்டிஜெனைத்தான் குறைத்தது. மேற்பரப்பு ஆன்டிஜென் ஒருவருக்குக்கூடப் போகவில்லை. மண், பருவம், உலர்த்தும் முறை, நோயாளிக்கு எந்த வயதில் தொற்றியது என்று இன்னும் பல காரணங்கள் சொல்லப்பட்டன. ஒவ்வொன்றும் சாத்தியமே. ஆனால் நாலு நாட்டில் நாலு முறை தோற்ற பிறகு, காரணம் செடியில் இருக்கிறதா, முதல் கணக்கிலேயே இருக்கிறதா என்று கேட்கத்தான் வேண்டும். 37-ம் 23-ம் சிறிய எண்கள். இரண்டு பக்கமும் சமமாகவும் இல்லை. தொடர்ந்து பார்த்த காலமும் குறைவு. இது பூர்வாங்க ஆய்வு, மேலும் சோதிக்க வேண்டும் என்று லான்செட் கட்டுரையே சொல்லியிருந்தது. அந்த வரியைப் பத்திரிகைகள் படிக்கவில்லை, லேகியம் விற்றவர்களும் படிக்கவில்லை.

தியாகராஜன் செடியைக் கைவிடவில்லை, தோல்விச் செய்திகளுக்கு முகம் திருப்பவும் இல்லை. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக் குழுவோடு சேர்ந்து, சாறு செல்லுக்குள் எந்த இடத்தில் கை வைக்கிறது என்று தேடினார். 1996-லும் 1997-லும் வந்த முடிவுகள் சுவையானவை. வைரஸின் மரபுப்பொருளில் உத்தரவைத் தூண்டிவிடும் ஒரு பகுதி இருக்கிறது. செல்லின் சொந்தப் புரதங்கள் அங்கே வந்து ஒட்டினால்தான் உத்தரவு கிளம்பும். அமாரஸ் சாறு அந்த ஒட்டுதலைக் குலைக்கிறது. அதாவது செடிக்குள் ஏதோ இருப்பது நிஜம். வாய்வழியாகப் போய், குடலையும் கல்லீரலையும் கடந்து, போதுமான அளவில் அது அங்கே சேர்கிறதா என்பது வேறு கேள்வி. மருந்தாக ஆகாமல் போன ஆயிரக்கணக்கான மூலிகைகள் அந்தக் கேள்வியில்தான் விழுந்தன. 2011-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு இந்தக் குடும்பத்துச் செடிகளைப் பற்றிய 16 சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தது. வெற்று மாத்திரையை விட மேல் என்று சொல்ல நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை, பெரும்பாலான ஆய்வுகளின் தரமும் போதாது என்று முடித்தது.

இந்தக் கதையைத் தமிழ்நாட்டில் பாதியோடு நிறுத்திச் சொல்வதுதான் வழக்கம். மேடையில் 1988 வரை சொல்வார்கள், கைதட்டு வரும். மறுதரப்பினர் 1990-லிருந்து தொடங்கிச் சிரிப்பார்கள். இரண்டு தரப்புக்கும் நடுவில் விடுபடுவது அந்த வெற்று மாத்திரை. பெரம்பலூர்ப் பக்கம் காமாலைக்கு மருந்து கொடுக்கும் ஒருவரிடம் நூறு பேர் போய் நூறு பேரும் குணமானார்கள் என்ற தகவல், மருந்து வாங்காத நூறு பேர் என்ன ஆனார்கள் என்று தெரியாத வரை எதையும் சொல்லாது. அந்த இரண்டாவது நூறு பேரைக் கணக்கில் சேர்த்ததால்தான் சென்னை ஆய்வை மற்ற நாட்டவர் எடுத்துச் சோதிக்க முடிந்தது, தவறென்று காட்டவும் முடிந்தது.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் இன்று நிலைமை என்ன? பெரம்பலூர் மாவட்டத்தில் சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மேற்பரப்பு ஆன்டிஜென் பரிசோதனைக்குச் சில சொட்டு ரத்தம் போதும். கர்ப்பிணிகளுக்கு அதை அவசியம் பார்க்க வேண்டும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு 6, 10, 14-ம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியாக. அந்த ஐந்து நோய் ஊசி நாட்டிலேயே முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். அதற்கு முன், 1997-ல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக் 'பி' தடுப்பூசியை உள்நாட்டிலேயே தயாரித்துக் காட்டியதால்தான் அதன் விலை ஏழைக்கு எட்டும் அளவுக்கு இறங்கியது. 2018 ஜூலை 28-ல் தொடங்கிய மத்திய அரசின் தேசியத் திட்டத்தில் 'பி' வகைக்கும் 'சி' என்ற இன்னொரு வகைக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். ஊசி விஷயத்தில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். காய்ச்சல், உடம்பு வலி எதற்குப் போனாலும் "ஒரு ஊசி போடுங்க" என்று நாமே கேட்கிறோம். 2009-ல் குஜராத்தின் மோடாசாவில் பயன்படுத்திய சிரிஞ்சுகளைத் திரும்பப் பயன்படுத்தியதால் 'பி' பரவி உயிர்கள் போயின. புதுச் சிரிஞ்சை உறை பிரிப்பதை நம் கண்ணால் பார்த்துக்கொள்வதில் யாருக்கும் மரியாதைக் குறைச்சல் இல்லை.

கீழாநெல்லி அரைத்துக் குடிக்கிறவரை நான் தடுக்கப் போவதில்லை. அந்தச் சென்னை ஆய்வில் பெரிய பக்கவிளைவு எதுவும் தென்படவில்லை. ஆனால் குடிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை: எந்த எழுத்துக் காமாலை என்று தெரிய வேண்டும். 'ஏ' என்றால் மோரோடு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஆறும். 'பி' என்றால் மஞ்சள் வடிந்ததும் விட்டுவிட முடியாது. ஆறு மாதம் கழித்தும் ஆன்டிஜென் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காமாலை வந்தவர் கர்ப்பிணி என்றால் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் உட்கார நேரமே இல்லை.

1988-ல் தரமணிக் குழு வைத்த அளவுகோல், அதாவது மேற்பரப்பு ஆன்டிஜென் மறைய வேண்டும் என்பது, இன்றைக்கு 'செயல்வழிக் குணம்' என்ற பெயரில் உலகின் பெரிய மருந்து நிறுவனங்கள் துரத்தும் இலக்கு. பெபிரோவிர்சென் என்ற புதிய ஊசிமருந்து, வளையத்திலிருந்து வரும் உத்தரவையே வழிமறித்து அழிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. 2022-ல் வெளியான அதன் இரண்டாம் கட்ட ஆய்வில், 24 வாரம் ஊசி போட்டுக்கொண்டவர்களில் ஆன்டிஜென் மறைந்து அப்படியே நீடித்தவர்கள் நூற்றுக்கு 9, 10 பேர். அந்த 10-ஐ மருத்துவ உலகம் ஒரு முன்னேற்றமாகவே வரவேற்றது.